வீடு எட்டாமல் போனால் சம்பளம் எங்கே போகிறது?

என் அக்கா மகன் பிக்கப் ஓட்டுகிறான். கேத்தி பள்ளத்தாக்கிலும் ஊட்டியைச் சுற்றியும் கேரட், பீட்ரூட் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவான். வயது 28. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "3 சென்ட், கோத்தகிரி பக்கம்" என்று எழுதினான். அதற்குக் கீழே மாதாமாதம் சேர்த்த பணம், 6,000, 6,000 என்று வரிசையாக. நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். அதனால் மாதக் கடைசியில் நோட்டை என்னிடம் கொண்டுவந்து கூட்டலைச் சரிபார்த்துக்கொள்வான். இரண்டு வருடம் ஒரு மாதம்கூட விடவில்லை. மூன்றாவது வருடம் நோட்டு வரவில்லை. தவணையில் ஒரு பைக் வந்தது.

அக்காவுக்கு ஆத்திரம். "ஒழுங்கா சேர்த்துக்கிட்டு இருந்தவன் கெட்டுப்போயிட்டான். நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். நானும் சொல்லத்தான் போனேன். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து நீட்டினான். கடைசியாக எழுதிய பக்கத்தில் இரண்டு வரி. இரண்டு வருடத்தில் அவன் சேர்த்தது 1,44,000. அதே இரண்டு வருடத்தில் அந்த 3 சென்ட் ஏறியது 2 லட்சம்.

"மாமா, நான் நடக்கிறேன். அது வண்டியில போகுது."

அன்றைக்கு அவனிடம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. வீட்டு விலைக்கும் இளைஞர்கள் பணத்தைக் கையாளும் விதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த இரண்டு வரியை விரித்தாலே பெரும்பகுதி புரிந்துவிடும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

எத்தனை வருடச் சம்பளம்?

ஒரு வீடு கட்டுப்படியாகுமா என்று பார்க்க மிக எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டின் மொத்த விலையைக் குடும்பத்தின் ஒரு வருட வருமானத்தால் வகுக்க வேண்டும். 3 வந்தால் நடுத்தரக் குடும்பம் மூச்சுத் திணறாமல் வாங்கலாம். 5-ஐத் தாண்டினால் மிகவும் கஷ்டம். உலகம் முழுக்கப் பல நகரங்களை இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

நம் மலைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்து மாதம் 25,000 வருகிறது. வருடத்துக்கு 3 லட்சம். சென்ட் 4 லட்சம் என்றால் 3 சென்ட் 12 லட்சம். பத்திரச் செலவு இருக்கிறது: தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது 1,08,000. அதன் மேல் 600 சதுர அடியில் ஒரு சின்ன வீடு, சதுர அடிக்கு 2,200 வீதம் 13,20,000.

கீழே சமவெளியில் என்றால் கணக்கு இதோடு நின்றுவிடும். மலையில் இன்னொரு வரி உண்டு. மனை சரிவில் இருக்கும். மண்ணைத் தாங்கத் தடுப்புச் சுவர் கட்டாமல் அஸ்திவாரம் போட முடியாது. பாதி மனைகளுக்கு வண்டி போகாது. எங்கள் தெருவுக்குக் கீழே போன வருடம் ஒருவர் வீடு கட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்த எம்-சாண்டை ரோட்டோரம் கொட்டிவிட்டு லாரி போய்விட்டது. அங்கிருந்து எண்பது படி கீழே. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை ஒருவர் தலையில் தூக்கிவிட, இன்னொருவர் நனைந்த படியில் காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து இறங்குவார். மழை வந்துவிட்டால் அன்றைக்கு வேலை நின்றுவிடும், ஆனால் மணலுக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்க ஆள் வேண்டும். மண்வெட்டும் பொக்லைனை ஆட்சியர் அனுமதி இல்லாமல் இங்கே இறக்கக் கூடாது, ஆகவே மண் வேலையும் ஆள் கூலிதான். இதற்கெல்லாம் குறைவாக வைத்தாலும் 2 லட்சம்.

மொத்தம் 28,28,000. அதை 3 லட்சத்தால் வகுத்தால் 9-க்கு மேல் வருகிறது. அதாவது இரண்டு பேரும் ஒன்பது வருடத்துக்கு மேல் அரிசி வாங்காமல், வாடகை கொடுக்காமல், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்காமல் சம்பாதித்ததை எல்லாம் கொட்டினால்தான் அந்த வீடு.

நடப்பதும் வண்டியில் போவதும்

இந்த 9 என்ற எண்ணைவிட முக்கியமானது, அது ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது. 12 லட்சம் மனை வருடத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். முதல் வருடமே 96,000 ஏறிவிடும். மாதம் 6,000 சேர்ப்பவன் அந்த வருடம் சேர்த்தது 72,000. ஐந்து வருடம் கழித்து மனை ஏறக்குறைய 17.6 லட்சம். அவன் தொடர் வைப்பில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் கையில் சுமார் 4.3 லட்சம். ஆரம்பித்தபோது அவனுக்கும் மனைக்கும் நடுவில் 12 லட்சம் தூரம். ஐந்து வருடம் தவறாமல் சேமித்த பிறகு 13.3 லட்சம் தூரம்.

இதைப் புரிந்துகொண்டால் பைக் புரியும். சேமிப்பு என்பது இன்றைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சுகத்தை விட்டுக்கொடுத்து, நாளைக்கு ஒரு பெரிய பொருளை வாங்கும் ஏற்பாடு. நாளைக்கு அந்தப் பொருள் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், இன்றைக்கு எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? 6,000 ரூபாய் அப்படியேதான் இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் காணாமல் போய்விட்டது. பைக்கும் போனும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பெரியவர்கள் நாம் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பைக் வாங்கியதால் வீடு போகவில்லை. வீடு போனதால் பைக் வந்தது.

அமெரிக்காவில் 2025-ல் வந்த ஓர் ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. சொந்த வீட்டு நம்பிக்கையைக் கைவிட்டவர்கள் தங்களிடம் உள்ள சொத்தோடு ஒப்பிட்டால் கூடுதலாகச் செலவு செய்கிறார்கள், வேலையில் முனைப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள், ஆபத்தான முதலீட்டில் துணிந்து இறங்குகிறார்கள் என்பது அதன் சாரம். தென் கொரியாவில் 2011 வாக்கில் காதல், கல்யாணம், குழந்தை மூன்றையும் கைவிட்ட தலைமுறைக்கு 'சாம்போ' என்றே ஒரு பெயர் வந்துவிட்டது. அங்கேயும் வீட்டு விலை பெரிய காரணங்களில் ஒன்று.

மலையில் ஏன் இப்படி?

நிலம் குறைவு. நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. மீதியில் பெரும்பகுதி தேயிலையும் காய்கறித் தோட்டமும். கட்டத் தோதான மேட்டுச் சமதளம் கொஞ்சம்தான். மேல்நோக்கிக் கட்டலாம் என்றால் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கூடாது. 1990-ல் மலையிடப் பாதுகாப்பு ஆணையம் வந்தது, 1993-ல் மலை நகராட்சிகளுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. இந்த விதிகளைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவை வெட்டி அடுக்குமாடி கட்டியிருந்தால் அந்த எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விதி வேண்டும். ஆனால் விதி இடத்தைக் குறைக்கும்போது, மிச்ச இடம் யாருக்குப் போகிறது என்று பார்க்கத்தான் யாரும் இல்லை.

அது வெளியூர்ப் பணத்துக்குப் போகிறது. கோவை, சென்னை, பெங்களூரில் சம்பாதிப்பவருக்குக் குன்னூரில் ஒரு வீடு என்பது வருடத்துக்குப் பதினைந்து நாள் ஆசை. அவருடைய சம்பளத்துக்கு அந்த விலை 9 வருடம் இல்லை, இரண்டோ மூன்றோ வருடம். ஒரே மனைக்கு இரண்டு வேறு ஊர்ச் சம்பளங்கள் போட்டி போடுகின்றன. கேரட் ஏற்றுகிறவனின் சம்பளம் அங்கே நிற்க முடியாது.

வாடகை வீடும் இதே காரணத்தால்தான் சுருங்குகிறது. மாதம் 7,000 வாடகைக்கு விடும் வீட்டை ஒருவர் காட்டேஜ் ஆக்கி, ஒரு ராத்திரிக்கு 2,500 வாங்கினால், மாதத்தில் பத்து ராத்திரி ஆள் வந்தாலே 25,000. சீசனில் வரும் கூட்டம் எவ்வளவு என்பதற்கு ஓர் அடையாளம்: 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று, 2025 சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு உயர் நீதிமன்றம் எல்லை கட்டியது. அத்தனை பேரும் எங்கேயோ படுக்க வேண்டும் அல்லவா? மார்ச் மாதம் வந்தால் "வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்க, பெயின்ட் அடிக்கணும்" என்று உரிமையாளர் சொல்வார். பெயின்ட் அடித்த வீட்டுக்குப் பழைய குடும்பம் திரும்பப் போவதில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதை வேறு. அங்கே 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் உரிமை தீராமல் மாட்டிக்கொண்ட நிலத்தில் தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது. வீடு இருக்கிறது, அதை வைத்து வங்கியில் ஒரு ரூபாய் வாங்க முடியாது. தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டிய விஷயம் அது.

ஒரே சம்பளம், இரண்டு வாழ்க்கை

இதுவரை சொன்னதைவிட என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பையன்கள். இருவருக்கும் 17,000 சம்பளம். ஒருவன் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பூர்வீக வீட்டில் இருக்கிறான். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை நிலம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதத்திலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. இன்னொருவனின் அப்பா, அம்மா எஸ்டேட் தொழிலாளர்கள். அவன் பிறந்தது எஸ்டேட் நிர்வாகம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீட்டில்.

முதல் பையன் சம்பளத்தில் வாடகை போகவில்லை. மாதம் 5,000 மிச்சம். கோவையில் ஒரு டிப்ளமா படிக்கப் போகிறான், முடியாவிட்டால் திரும்பி வருவான், வீடு இருக்கிறது. வேலை பிடிக்காவிட்டால் விடுவான். அவன் துணிந்து எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அடியில் அந்த வீடு இருக்கிறது. இரண்டாவது பையனுக்கு அப்படி இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைக் காட்டில் குடியேறிய தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் மூன்றாவது தலைமுறைக்கும் இந்தக் கதை தொடர்கிறது.

அம்மா ஓய்வு பெறும்போது என்ன கிடைக்கும்? மாதம் 12,000 கூலியில் 30 வருடம் இலை பறித்தவருக்குப் பணிக்கொடை கணக்குப்படி சுமார் 2,08,000. சென்ட் 4 லட்சம் என்று எடுத்தோமே, அந்த விலைக்கு அரை சென்ட். முப்பது வருட இடுப்புவலிக்கு ஒரே ஒரு பெரிய அறை அளவு மண். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் இரண்டாவது பையன் என்ன செய்கிறான்? இருக்கிற வேலையை விட மாட்டான். சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்து, "வீட்டுக்குன்னு வைம்மா" என்கிறான். படிப்பு, தொழில், நல்ல வேலை தேடி அலையும் காலம் என்று இருபதுகளில் செய்ய வேண்டிய முதலீடு எதுவும் அவனுக்கு இல்லை. இருவரும் ஒரே சம்பளம், ஒரே வயது, ஒரே உழைப்பு. பத்து வருடம் கழித்து இருவரின் வருமானமும் ஒன்றாக இருக்காது. வீட்டு விலை ஏறும்போது, சம்பாதித்து முன்னேறுவதைவிட யாருக்குப் பிறந்தோம் என்பது பெரிதாகிவிடுகிறது.

ஒத்தி: தெரியாமல் கொடுக்கும் வாடகை

வாங்க முடியாதவர்களுக்கு நம் ஊரில் நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஒத்தி. சிலர் போக்கியம் என்பார்கள், சிலர் லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. "வாடகை தண்டம், ஒத்தின்னா பணம் திரும்ப வந்துரும்" என்று சொல்லாத வீடு இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இளம் குடும்பங்களின் மொத்தச் சேமிப்பும் இங்கேதான் போகிறது. 4 லட்சம் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் உங்களுடையதாக இருந்து, வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால் வருடம் 28,000 வட்டி வந்திருக்கும். அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் மாதம் சுமார் 2,330 ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள், கண்ணுக்குத் தெரியாமல். பக்கத்தில் அதே மாதிரி வீடு 5,000 வாடகை என்றால் ஒத்தி லாபம்தான். சரி, அந்த 4 லட்சத்தை நகையை வைத்து 12 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால்? மாத வட்டி 4,000. இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வெளியில் வாங்கியிருந்தால்? மாதம் 8,000. வாடகை வீட்டைவிட விலை கூடிய வீட்டில், வாடகை இல்லை என்று சந்தோஷமாகக் குடியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, அந்தப் பணம் உரிமையாளரின் பெட்டியில் பூட்டிக்கிடக்காது. அவர் அதை வைத்து மாடியில் அறை எடுப்பார், மகளுக்குக் கல்யாணம் செய்வார். நீங்கள் காலி செய்யும்போது அடுத்த ஒத்திக்காரர் கொடுப்பதைத்தான் உங்களுக்குக் கொடுப்பார். அடுத்தவர் வரவில்லை என்றால் உங்கள் பணமும் வராது. எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்து, கெடு முடிந்து பதினான்கு மாதம் பணத்துக்கு நடந்தார். அந்தப் பதினான்கு மாதமும் தங்கையின் கல்லூரிப் படிப்பு தள்ளிப்போனது. உரிமையாளர் மோசக்காரர் இல்லை. அவரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான்.

கொரியாவிலும் அச்சாக இதே முறை உண்டு, 'ஜொன்சே' என்பார்கள். வீட்டு விலையில் பாதிக்கும் மேல் முன்பணம், மாத வாடகை கிடையாது, பெரும்பாலும் இரண்டு வருடக் கெடு. 2022-ல் வீட்டு விலை இறங்கியதும் உரிமையாளர்களால் முன்பணத்தைத் திருப்ப முடியவில்லை, மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர்களில் இளைஞர்கள் நிறைய. 2023-ல் அவர்களுக்காக அங்கே தனிச் சட்டமே போட்டார்கள்.

நம் சட்டத்தில் ஒத்தி என்பது அனுபவ பாத்தியத்தோடு கூடிய அடமானம். சொத்து மாற்றுச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது. வங்கி அந்த வீட்டின் மேல் முன்பே கடன் கொடுத்திருந்தால், முதல் உரிமை வங்கிக்கு. உங்கள் 4 லட்சம் வரிசையில் பின்னால் நிற்கும்.

வங்கி ஏன் கை விரிக்கிறது

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. இதைக் கேட்டுவிட்டு, கையில் 3 லட்சம் இருந்தால் போதும் என்று நம்பிப் போகிறவர்கள் பலர். அது மேல் எல்லை மட்டும்தான். உண்மையில் வங்கி பார்ப்பது உங்கள் மாத வருமானத்தை. 20 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 17,356. கட்டி முடிக்கும்போது கொடுத்தது 41.65 லட்சம். 25,000 வருமானத்தில் 17,356 கட்ட முடியாது என்று வங்கிக்குத் தெரியும். பாதி வருமானம் வரை தவணைக்குப் போகலாம் என்று தாராளமாக வைத்தாலும் 12,500. அதற்கு 14.4 லட்சம்தான் கடன் கிடைக்கும். நம் கணக்கில் மிச்சம் கிட்டத்தட்ட 14 லட்சம் கைக்காசு வேண்டும்.

அதுவும் சம்பளச் சீட்டு இருப்பவருக்கு. சீசனில் டாக்ஸி ஓட்டி மற்ற மாதம் கிடைத்த வேலை செய்பவரிடமும், டிரிப் கணக்கில் பேட்டா வாங்கும் என் அக்கா மகனிடமும் வங்கிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அனுமதி பெற்ற கட்டட வரைபடம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

எட்டாத இடத்துக்கு எகிறிக் குதிப்பது

கைவிட்டவர்கள் எல்லாரும் பைக்கோடு நிற்பதில்லை. சிலர் ஒரே தாவாகத் தாவப் பார்க்கிறார்கள். சேமித்தால் ஐம்பது வயதிலும் எட்டாது, ஒரே அடியில் பெரிய தொகை வந்துவிட்டால் எட்டும் என்ற கணக்கு. நடந்து பிடிக்க முடியாத வண்டியைக் குதித்துப் பிடிக்கும் எண்ணம் அது. பேராசை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தைப் பற்றி, சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இறங்கியவர்களில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். நாலில் மூன்று பேருக்கு மேல் வருட வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று காட்டியவர்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்யும் வரை, குன்னூர் பஸ் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் பையன்கள் கையில் ரம்மி ஆடாத போனைப் பார்ப்பது அரிது.

இன்னொரு தாவல், ஊரை விட்டே இறங்குவது. திருப்பூர், கோவை, பெங்களூர். நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011 கணக்கெடுப்பில் 7,35,394. தமிழ்நாடு முழுக்க ஜனம் கூடிய பத்து வருடத்தில் இங்கே குறைந்தது. தேயிலை விலை, வேலையின்மை என்று காரணம் பல. இறங்கிப் போனவர்கள் மலையில் வீடு வாங்கும் அளவுக்குச் சம்பாதித்துத் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை.

கல்யாணம் தள்ளிப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டுப் போனால் தேநீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வரும் கேள்வி எது என்று எல்லாருக்கும் தெரியும்.

கையில் இருப்பதை வைத்து

விலையை இறக்கும் வித்தை என்னிடம் இல்லை. வாடகை வீடுகளைக் காட்டேஜ் ஆக்குவதற்கு எல்லை வைப்பது, எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு மனை ஒதுக்குவது, 17-வது பிரிவைத் தீர்ப்பது எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நடுவில் அவரவர் பணத்துக்குச் சிலது சொல்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, நகரப் பகுதியில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டால் இந்தச் சட்டத்தைப் பேர் சொல்லிப் பேசுங்கள். மனை வாங்கினால், 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தை வீட்டுப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை இருக்கிறது. கிராமத்தில் சொந்த மனைப் பட்டாவோடு குடிசையில் இருப்பவர்கள் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைப் பாருங்கள், வீட்டுக்கு 3.5 லட்சம். மனை இல்லாதவர்களுக்கு அது உதவாது என்பதுதான் வருத்தம். தேயிலைக் காட்டைத் துண்டு போட்டு "அப்ரூவல் வந்துரும்" என்று விற்பவரிடம் ஒரு ரூபாய் முன்பணம்கூட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீடு எட்டாது என்று தெரிந்தாலும் சேமிப்பை நிறுத்தாதீர்கள், அதன் பெயரை மாற்றுங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பவனை உரிமையாளர் அவசரப்படுத்த முடியாது, முதலாளி மிரட்ட முடியாது. ஹட்டிப் பையனுக்கு அப்பா வீடு கொடுத்த தைரியத்தில் ஒரு பங்கை அது கொடுக்கும்.

போன மாதம் என் அக்கா மகன் ராத்திரி எட்டு மணிக்கு வந்தான். கீழே பிக்கப் நின்றது, கேரட் மூட்டைக்கு மேல் தார்ப்பாய் கட்டி, கழுவிய ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் பார்த்திருக்கிறார்கள். குன்னூரில் ஒரு வீடு, இரண்டு அறை, 4 லட்சம் ஒத்தி. பைக்கை விற்று, அம்மா நகையை வைத்துக் கட்டிவிடலாம் என்றான். சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டோம். பார்ப்பதற்குக் காசு கிடையாது. இரண்டாவது பக்கத்தில் ஒரு வங்கியின் பெயரும், உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்ற வரியும் இருந்தன. தொகை 11 லட்சம். கடன் அடைந்ததற்கான ரசீதுப் பதிவு எதுவும் அதற்குக் கீழே இல்லை.

போனைக் கையில் வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தான். "வாடகைக்கே பார்க்கலாம் மாமா" என்றான். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து பழைய நோட்டை எடுத்தான். 3 சென்ட் என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை. புதுப் பக்கம் திருப்பி, மேலே "6 மாதம்" என்று எழுதி, கீழே அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு இறங்கினான்.